ஓஇடி லெட்டர்ல ஃபெயில் ஆனா, குத்தம் உங்க கிராமர் மேல மட்டும் இல்ல (த்ரெட்)

வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி ஆங்கிலப் பரீட்சை எழுதுற நர்ஸ், டாக்டர் தம்பி தங்கைகளுக்கும், அதுக்காக நகையை அடகு வச்சிருக்கற அப்பா அம்மாக்களுக்கும் இது.

கேட்கிறது, படிக்கிறது, பேசுறது மூணையும் தாண்டிடறாங்க. லெட்டர்ல விழறாங்க. பிரிட்டன் நர்ஸிங் கவுன்சில் மத்த மூணுக்கும் பி கிரேடு கேட்குது, எழுத்துக்கு சி பிளஸ் போதும்னு இறங்கி வந்திருக்கு. அப்பவும் விழறாங்க.

உடனே "கிராமர் வீக்"னு சொல்லி இன்னொரு மூணு மாச கோச்சிங். இதுதான் எனக்கு எரிச்சல். அந்த லெட்டரைத் திருத்த ஆறு அளவுகோல் இருக்கு. மொழிக்குன்னு ஒண்ணே ஒண்ணு. முதல் அளவுகோல் என்ன தெரியுமா? எதுக்கு எழுதுறீங்கங்கறது படிக்கிறவருக்கு உடனே புரியுதா? அவ்வளவுதான்.

ஒரு தங்கச்சி மூணாவது தடவை எழுதப் போறேன்னு லெட்டரைக் கொண்டுவந்து காட்டினாங்க. இங்கிலீஷ் சுத்தம். ஆனா டிஸ்சார்ஜ் ஆகிப் போற அம்மாவுக்கு வீட்ல புண்ணுக்குக் கட்டு மாத்தணுங்கற விஷயம் கடைசிப் பத்தியில. அதுக்கு முன்னாடி பழைய அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன், மகன் என்ன வேலை பாக்குறார், அட்மிட் ஆன நாள்லேர்ந்து தினசரி பிபி. முடிவுல "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்". எது நீட்ஃபுல்? அதைச் சொல்லத்தானே லெட்டரே!

கேஸ் நோட்ஸ்ல இருக்கறதை எல்லாம் எழுதச் சொல்லிக் கேட்கல. உள்ள எழுத வேண்டியது சுமார் 180-200 வார்த்தை. படிக்க 5 நிமிஷம், எழுத 40 நிமிஷம். அந்த 5 நிமிஷத்துல எதை விடலாம்னு முடிவு பண்ணணும். மனப்பாடம் பண்ண ஃபார்மட் இதைச் சொல்லித் தராது. "ஃபார்மட் இல்லாம எப்படி சார்?"னு கேட்பீங்க. தேதி, முகவரி, நோயாளி பேர் எழுத ஃபார்மட் வச்சுக்கங்க. பத்தி பத்தியா உருப்போட்டதைத் தூக்கிப் போடுங்க. சோஷியல் வொர்க்கருக்கு எழுதும்போது "ஹெச்டிஎன்", "டி2டிஎம்"னு சுருக்கெழுத்து போட்டா அவருக்கு என்ன புரியும்?

டாக்டர்கள் நாங்க யோக்கியமான்னா, இல்ல. குறுவை அறுப்பு நேரத்துல டெல்டாவுல எங்கேர்ந்தோ பாம்புக்கடி கேஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும். கையில ஒரு சீட்டு: "ஸ்நேக் பைட், ரெஃபர்டு டு ஹையர் சென்டர்". எத்தனை மணிக்குக் கடிச்சுது? விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி போச்சு? 20 நிமிஷ ரத்த உறைவு டெஸ்ட் பார்த்தாங்களா, உறைஞ்சுதா? கண் இமை சரிஞ்சுதா? சிறுநீர் போச்சா? ஒண்ணும் இருக்காது. ஆம்புலன்ஸ்ல கூட வந்த மச்சானைப் பிடிச்சு விசாரிக்கணும். அவர் பதட்டத்துல "கருப்பா இருந்துச்சு சார்"ம்பார்.

பரீட்சையில அளவுக்கு மீறி எழுதுறாங்க, இங்க எழுதவே மாட்டேங்கறோம். ரெண்டுலயும் அந்தப் பக்கம் ஒருத்தர் படிப்பார்ங்கற நினைப்பே கிடையாது.

செலவில்லாத வழி ஒண்ணு சொல்றேன். இன்னைக்கு உங்க வார்டுல ஒரு நோயாளிக்கு லெட்டர் எழுதுங்க, பேரை மறைச்சுட்டு. அவரைப் பார்க்காத அடுத்த ஷிஃப்ட் சிஸ்டர்கிட்ட குடுங்க. "முதல்ல என்ன செய்வீங்க?"னு கேளுங்க. அரை நிமிஷத்துல அவங்களால பதில் சொல்ல முடியலைன்னா, கிழிச்சுட்டு மறுபடி எழுதுங்க.