பிள்ளையைக் காத்தீர், தாயைக் காப்பது யார்?

2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்கு ஒரு நற்சான்று வழங்கிற்று. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. கிருமியும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு இது என்பதே அச்சான்றின் சாரம். சிறிய நாடொன்றின் பெரிய சாதனை; மறுப்பாரில்லை. ஆயினும் அச்சான்று கணக்கெடுத்தது பிள்ளைகளை. பரிசோதனையில் கிருமி இல்லையென்று கண்ட தாயை, அதன்பின் அது தீண்டாது காப்பது எப்படி? இதைக் கேட்பாரைக் காணோம்!

இரத்தோட்டை மலைச்சாரலில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். மூன்று மாதக் கர்ப்பிணி. கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள், குற்றமில்லை என்றார்கள், லயத்துக்குத் திரும்பினாள். அவள் கணவனுக்குக் கிருமி உண்டென்றும், அவன் இன்னும் சிகிச்சை தொடங்கவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். அவளுக்கு என்ன காவல்? ஆணுறை என்பீர்கள். பிள்ளைத்தாய்ச்சி கணவனிடம் உறை கேட்டால் அந்த லயத்தில் என்ன பேச்சுக் கிளம்புமென்று நகரத்து நாற்காலிகளில் அமர்ந்திருப்போருக்குத் தெரியுமா?

அவள் தன் கையாலே எடுத்துக்கொள்ளக்கூடிய காவல் ஒன்றுண்டு. டெனோபோவிர், எம்ட்ரிசிட்டபைன் என்னும் இரு மருந்துகள் சேர்ந்த மாத்திரை அது. நாளுக்கு ஒன்று. தொற்றுக்கு முன்னரே தடுக்கும் மருந்தாக 2012இல் அமெரிக்கா அதனை அங்கீகரித்தது. பேராபத்திலிருப்போர் எவருக்கும் அதைத் தரலாமென 2015இல் உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைத்தது. இலங்கை அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களும் அதனை வழங்குகின்றன.

“ஐயையோ, கர்ப்பிணிக்கு மாத்திரையா? கரு என்னாவது?” என்று அலறுவோர் உளர். அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. 1957 முதல் 1961 வரை தலிடொமைட் என்ற மாத்திரையை விற்று, ஆயிரக்கணக்கான சிசுக்களைக் கைகால் குறைபாட்டுடன் பிறக்கச் செய்த உலகம் இது. ஆனால் அன்றைய குற்றம் ஆராயாமல் கொடுத்தது. இந்த மருந்தின் கதை அதுவன்று. கிருமியுள்ள கர்ப்பிணிகள் இம்மருந்துகளைப் பல்லாண்டு காலமாக உட்கொண்டு வருகிறார்கள். கருப்பத்தில் இவ்வகை மருந்துகளின் விளைவைப் பதியும் சர்வதேசப் பதிவேடு 1989இலேயே தொடங்கிற்று. பிறவிக் குறைபாடு இம்மாத்திரையால் மிகுந்ததாக அதில் தெரியவில்லை. கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் இதை நிறுத்தக் காரணமில்லை என்று 2017இல் உலக சுகாதார ஸ்தாபனமே எழுத்தில் வைத்தது.

மறுபக்கத்தையும் நிறுத்துப் பாருங்கள். ஆபிரிக்கத் தம்பதிகளிடையே நடந்து 2018இல் வெளிவந்த ஆராய்ச்சி கூறுவது: கருப்பத்தின் பிற்பகுதியில் பெண்ணுக்குக் கிருமி தொற்றும் அபாயம் ஏறத்தாழ மும்மடங்கு, மகப்பேற்றுக்குப் பின் நான்கு மடங்கு. அக்காலத்தில் புதிதாய்த் தொற்றினால் தாயின் உடலில் கிருமி பெருகி நிற்கும். பிள்ளைக்கும் எளிதில் தாவும். முதற் பரிசோதனையோ முன்னரே முடிந்துவிட்டது! பிள்ளையின் பெயரால் மாத்திரையை மறுப்போர், பிள்ளையைத்தான் பலியிடுகிறார்கள்.

பாதுகாப்பு என்ற சொல்லைச் சாக்காக்கிய அரசாங்கத்தை உலகம் முன்பே கண்டிருக்கிறது. பிரசவ வேளையில் பிள்ளையைக் காக்கும் நெவிரப்பைன் மருந்தை, அதன் பாதுகாப்பில் ஐயமென்று கூறித் தென்னாபிரிக்க அரசாங்கம் சில சோதனை நிலையங்களுக்குள் பூட்டிவைத்தது. மக்கள் இயக்கம் வழக்காடிற்று. 2002 ஜூலையில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் பூட்டை உடைத்தது.

மருந்து அனைவருக்கும் வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. கணவன் ஒழுங்காகச் சிகிச்சை பெற்று, அவன் இரத்தத்தில் கிருமி தென்படாத நிலை நீடித்தால், மனைவிக்கு அவனால் தொற்றாது. மாத்திரை தொடங்குமுன் கிருமியில்லையென்று உறுதி செய்யவேண்டும். சிறுநீரகத்தையும் ஈரல் அழற்சியையும் பார்க்கவேண்டும். தொடக்கத்தில் குமட்டல் வரலாம். நாள் தவறினால் காவல் தளரும். சிபிலிசை இது தடுக்காது. இவற்றையெல்லாம் அவளிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு முடிவை அவளிடமே விடுங்கள்!

எந்த மொழியில் சொல்வீர்கள்? தமிழும் ஆட்சிமொழியென 1987இலேயே சாசனத்தில் எழுதியாயிற்று. சிங்களத் துண்டுப்பிரசுரத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது அறிவித்தலாகாது. மாத்தளைக்குப் போய்வர அவளுக்கு ஒரு நாள் பேர் போகும்; அந்த நாட்கூலியை யார் தருவது? எதற்குப் போகிறாள் என்று கங்காணியும் அடுத்த காம்பராவும் அறியாமலிருக்க என்ன ஏற்பாடு?

கர்ப்பிணிகளைப் பார்க்கும் கிளினிக்கிலேயே, தமிழறிந்த தாதியொருவர் தனியறையில் இம்மருந்தைப்பற்றிக் கூறவேண்டும். வேண்டுவோருக்கு அங்கேயே கிடைக்கவேண்டும். பரிசோதனை கருப்பத்தின் பிற்பகுதியிலும் பாலூட்டும் காலத்திலும் மீண்டும் நடக்கவேண்டும். சுகாதார அமைச்சிடம் இதைக் கேட்கிறோம். தோட்ட மக்களின் வாக்கைப் பெற்றுப் பாராளுமன்றம் சென்ற உறுப்பினர்களே, நீங்கள் எப்போது கேட்கப்போகிறீர்கள்?