மனக்குறையும் பணிக்குறையும்

ஊழியர்களின் மனநிலையை அளப்பதற்கென்று வினாத்தாள்களும் ஆலோசகர்களும் பெருகிவிட்ட காலம் இது. தனிமனிதர் எவ்வகை, குழு எவ்வகை, நிறுவனம் எவ்வகை என்று மதிப்பெண் இடுகிறார்கள். முழுவதையும் போலி அறிவியல் என்று ஒதுக்கிவிட நாம் தயாராக இல்லை. ஆனால் ஊழியர் வாய்திறந்து சொன்ன ஒன்றை, அவர் சொல்லாத வேறொன்றாக மாற்றி வாசிக்கும் பழக்கம் இத்துறையில் வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. அதைப் பற்றிச் சற்றுப் பேச வேண்டும்.

சிகாகோவை அடுத்த சிசரோவில், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் தொழிற்சாலை இருந்தது. தொலைபேசிக் கருவிகள் செய்த இடம். அங்கு 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளில், விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்த பகுதிதான் பாடநூல்களில் பிரபலம். அதே தொழிற்சாலையில் 1928க்கும் 1930க்கும் இடையே 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைத் தனித்தனியே பேசவிட்டுக் கேட்டார்கள். இத்தனை பேருக்குக் காதுகொடுத்தது சாதாரணக் காரியமல்ல என்பதை ஒப்புக்கொண்டேயாக வேண்டும்.

கேட்டதை என்ன செய்தார்கள்? ரோத்லிஸ்பெர்கரும் டிக்சனும் 1939இல் வெளியிட்ட ‘மேனேஜ்மென்ட் அண்ட் தி ஒர்க்கர்’ நூல், ஒரு குறையின் வெளிப்படைப் பொருளையும் உட்பொருளையும் பிரித்துப் பார்க்கிறது. மேலதிகாரி அடாவடிக்காரர் என்கிறார் ஒருவர். பேட்டி நீள நீள, அவருடைய தகப்பனார் அடக்கியாளும் சுபாவம் கொண்டவர் என்று தெரியவருகிறது. அதிகாரத்தில் உள்ள எவரையும் அவர் தகப்பனாகவே பார்க்கிறார் என்று முடிவாகிறது. இன்னொருவர், உருப்படிக் கணக்கில் தரும் கூலி மிகக் குறைவு என்கிறார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருப்பதும், வைத்தியச் செலவை எண்ணி அவர் கலங்குவதும் தெரியவருகின்றன. இப்போதைய செலவுக்கு வருமானம் போதவில்லை என்பதே அக்குறையின் உட்பொருளாம்.

இலக்கிய வாசகர்களுக்கு இந்த வாசிப்புமுறை அந்நியமாக இராது. பாத்திரத்தின் கோபத்துக்குப் பின்னால் ஒரு பால்யத்தைத் தேடுபவர்கள்தாமே நாம். ஆனால் நாவலின் பாத்திரத்துக்கு நாம் சம்பளம் தருவதில்லை. தகப்பனார் கொடியவராக இருந்ததால் மேலதிகாரி சாதுவாகிவிட மாட்டார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர் அடாவடியை மற்றவர்களுக்கு முன்பே இனங்கண்டுகொள்வார் என்றும் வாசிக்கலாமே! மனைவியின் நோயால் கூலி குறைவாகத் தோன்றியிருக்கலாம். கூலி குறைவாகவே இருந்ததால் நோய் தாங்கமுடியாததாகியும் இருக்கலாம். இவற்றுள் முதல் வாசிப்பில் நிர்வாகத்துக்குச் செலவில்லை.

1936இல் அங்கு ஆலோசகர்களை முறையாகவே அமர்த்தினார்கள். அத்திட்டம் 1956 வரை நீடித்தது. கேட்பது அவர்கள் பணி; கேட்ட குறையைத் தீர்த்துவைப்பது அவர்கள் பணியில் சேராது.

அதே 1956இல் வில்லியம் ஒய்ட்டின் ‘தி ஆர்கனைசேஷன் மேன்’ வெளிவந்தது ஒரு வேடிக்கையான பொருத்தம். ஆளுமைத் தேர்வுகளில் ஏமாற்றுவது எப்படி என்று அதில் ஒரு பின்னிணைப்பே உண்டு. கூடியமட்டும் சராசரி மனிதராகத் தெரியும்படி விடையளியுங்கள் என்பது அதன் சாரம். விடைத்தாள் யார் கைக்குப் போகிறது என்று அறிந்த ஊழியர், அப்பின்னிணைப்பைப் படிக்காமலே அதைக் கடைப்பிடிக்கிறார்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாடு, பணிச்சோர்வை நோயென்று சொல்லவில்லை. பணியிடத்தில் நீடிக்கும், சரிவரக் கையாளப்படாத நெருக்கடியின் விளைவு என்கிறது. இருந்தும் சோர்வை அளந்த கையோடு ஊழியருக்குத் தியான வகுப்புதான் பல இடங்களில் கிடைக்கிறது. வேலைநேரத்தில், ஆள்பலத்தில், மேற்பார்வையில் தான் எதை மாற்றிக்கொண்டது என்பதை நிறுவனமும் ஒரு தாளில் எழுதி ஊழியர் முன் வைக்கட்டும். அதுவரை, அடுத்த வினாத்தாளை நிரப்பத் தயங்குபவரை ஒத்துழைக்காதவர் என்று வகைப்படுத்துவதையாவது நிறுத்தலாம்.