காரைச் சுவரை இறுக்கும் காற்று, கான்கிரீட் கம்பிக்கு மட்டும் ஏன் எதிரி? மறுசுழற்சி ஜல்லியை நம்பலாமா?

இளையாத்தங்குடி, நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று இருக்கும் ஊர். இதைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில் ஒரு பழைய வீடு இடிபட்டால், தேக்குத் தூணும் கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடும். செங்கல்லும் காரையும்தான் குவியலாகக் கிடக்கும். 'இதையே அரைச்சு புது வீட்டுக்குப் போட்டா என்ன? ஜல்லி காசும் மிச்சம், மலையும் மிச்சம்' என்று தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கே போடப் போகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முட்டை மட்டும் காரணமில்லை

செட்டிநாட்டுச் சுவரின் ரகசியம் முட்டை வெள்ளைக்கரு என்று எத்தனை ரீல்ஸ் பார்த்திருப்போம்! முட்டை, கடுக்காய் எல்லாம் உதவின, சரி. ஆனால் பெரிய வேலையைச் செய்தது காற்று. சுண்ணாம்பு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக்கல்லாக மாறுகிறது. வருஷம் போகப் போகச் சுவர் இறுகுகிறது. இதற்குப் பெயர் கார்பனேற்றம்.

கான்கிரீட்டிலும் இதே வேதிவினை நடக்கிறது. ஒரே வித்தியாசம், உள்ளே கம்பி இருக்கிறது. புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை பி.எச் அளவில் 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரம்தான் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உருவாக்கி வைத்திருக்கிறது. கார்பனேற்றம் கம்பி வரை எட்டினால் பி.எச் 9-க்குக் கீழே இறங்கி, படலம் போய்விடும். பிறகு ஈரமும் காற்றும் போதும், துரு ஆரம்பம். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும் என்பதால் மேலே இருக்கும் கான்கிரீட் பிளந்து விழும். பழைய குவார்ட்டர்ஸ் சீலிங்கில் கம்பி பல்லிளிக்குமே, பெரும்பாலும் இந்தக் கதைதான்.

மறுசுழற்சி ஜல்லியில் என்ன சிக்கல்?

உடைத்த கான்கிரீட் ஜல்லியில் பழைய சிமென்ட் கலவை ஒட்டிக்கொண்டே இருக்கும். அது நுண்துளைகள் நிறைந்தது. கருங்கல் ஜல்லியைவிட நிறையத் தண்ணீர் குடிக்கும். 'கலவை இறுகலா இருக்கு' என்று சைட்டில் ஒரு குடம் தண்ணீரைக் கூட ஊற்றினால் துளைகள் இன்னும் அதிகம். கார்பன் டை ஆக்சைடுக்கு நாமே கதவைத் திறந்துவிடுகிறோம்.

அதனால்தான் ஐ.எஸ் 383:2016 தரநிலை கணக்காகப் பேசுகிறது. உடைத்த கான்கிரீட்டிலிருந்து வரும் ஜல்லியை, கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை சேர்க்கலாம், அதுவும் எம்25 தரம் வரைதான். கம்பி இல்லாததில் 25 சதவீதம். செங்கல், காரை கலந்த இடிபாட்டுக்குக் கம்பி கான்கிரீட்டில் அனுமதியே இல்லை. அடித்தளத்துக்குக் கீழே போடும் மெலிந்த கான்கிரீட்டோடு சரி. அதாவது, செட்டிநாட்டு வீட்டு இடிபாடு தரைக்கு அடியில் போகலாம், மாடித் தளத்துக்குப் போகக் கூடாது.

சாம்பல் சிமென்டுக்கும் இதில் பங்கு உண்டு. இன்று கடையில் அதிகம் விற்கும் பி.பி.சி சிமென்டில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல். கார்பன் உமிழ்வு குறையும், நல்ல விஷயம். ஆனால் காரத்தைத் தாங்கிப் பிடிக்கும் சுண்ணாம்பைச் சாம்பல் செலவழித்துவிடுவதால் கார்பனேற்றம் வேகமாகலாம். கடற்கரையில் கதை தலைகீழ்: உப்பைத் தடுப்பதில் இதே சிமென்ட் கெட்டி. தொண்டியில் ஜெயிப்பது காரைக்குடியில் கொஞ்சம் கூடுதல் கவனம் கேட்கும்.

உண்மையான வில்லன் யார்?

என்னைக் கேட்டால், ஜல்லி இல்லை. அவசரம்தான். கார்பனேற்றத்தின் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளரும். 10 வருஷத்தில் 10 மில்லிமீட்டர் போனால், 20 மில்லிமீட்டர் போக 40 வருஷம் ஆகும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: கவர் பிளாக் வைக்காமல் கம்பியின் மேல்மூடல் பாதியானால், ஆயுள் கால்வாசி! பத்து ரூபாய்கூட ஆகாத பொருளில் வருஷக்கணக்கில் நஷ்டம்.

அடுத்தது தண்ணீர் விடுவது. சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள், 14 நாளாக நீட்டினால் நல்லது என்கிறது ஐ.எஸ் 456. சிவகங்கை மாவட்ட வெயிலில் நாலாம் நாளே ஹோஸைச் சுருட்டி வைத்தால், புது ஜல்லி போட்ட கான்கிரீட்டும் தப்பாது.

2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் என 2025-ல் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள், 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்கள் மீது மறுசுழற்சிப் பொறுப்பைச் சுமத்துகின்றன. கிராமத்து வீடு இதில் வராது. சென்னைக்கு பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டுக் கழிவு ஆலைகள் உண்டு. இளையாத்தங்குடியிலிருந்து அங்கே லாரி ஓட்டினால் டீசலிலேயே சுற்றுச்சூழல் லாபம் கரைந்துவிடும்.

ஆனால் அறிவு பக்கத்திலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து காரைக்குடிக்குக் கொண்டுவந்த சிக்ரி ஆய்வகம், 1953-ல் திறக்கப்பட்டது. கான்கிரீட்டுக்குள் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்பது அதன் முக்கிய ஆய்வுத் துறைகளில் ஒன்று.

உங்கள் வீட்டுக் கான்கிரீட் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க எளிய சோதனையும் உண்டு. பொறியாளர் புதிதாக உடைத்த பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார். பிளஸ் டூ லேபில் பார்த்த அதே கரைசல்தான். காரம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும், கார்பனேற்றம் ஆன இடம் நிறம் மாறாது. நிறம் மாறாத அந்தப் பட்டை கம்பியைத் தொடவில்லை என்றால் இன்னும் காலம் இருக்கிறது. தொட்டுவிட்டது என்றால், பெயின்ட் அடித்து மறைக்கும் வேலையை விட்டுவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு போன் போடுங்கள்.