கட்டப்படாத விமானங்களின் வரைபடங்கள்

இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதி ஆண்டுகளில் ஜெர்மானியப் பொறியியலாளர் வரைந்து, கட்டி முடிக்கப்படாது போன விமானங்களின் வரைபடங்களைச் சேகரிப்போர் பல நாடுகளிலும் உள்ளனர். பாராட்டத்தக்க முயற்சியே. ஆயினும், அவர்களுட் பலர் சேர்த்து வைப்பது மூலப்படத்தை அன்று. பிற்காலத்தில் எவரோ அழகுற மீட்டு வரைந்த படத்தையே. இரண்டையும் ஒன்றாகக் கருதுவது பெருந்தவறு என்பது எமது கருத்து.

மூலப்படத்தின் மூலையில் ஒரு சிறு கட்டம் உண்டு. படத்தின் எண், தேதி, அளவுத்திட்டம், வரைந்தவர் சரிபார்த்தவர் ஆகியோரின் கையொப்பங்கள் முதலியன அதிற் காணப்படும். மீட்டு வரைவோர் முதலில் விட்டுவிடுவது இக்கட்டத்தைத்தான்! போக்கே-உல்ப் நிறுவனத்தின் டா 183 விமானத்திற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் வரையப்பட்டன. எண்ணும் தேதியும் இன்றேல், எது முந்தியது, எது கைவிடப்பட்டது என்று எங்ஙனம் அறிவது? படத்தின் கீழ் அச்சிடப்படும் வேகமும் கணக்கிட்ட வேகமேயன்றி அளந்த வேகம் அன்று.

1945 ஏப்ரலில் ஓபராமர்காவ் என்னுமிடத்தில் அமெரிக்கப் படையினர் மெஸ்ஸர்ஷ்மிட் பி.1101 விமானத்தை ஏறத்தாழ முடிவுற்ற நிலையிற் கண்டனர். பறக்கும்போதே இறக்கையின் சாய்வை மாற்றவல்ல பெல் எக்ஸ்-5 விமானம் அதனைப் பின்பற்றி உருவாகி, 1951-இல் பறந்தது. அங்கே ஆராய்வோர்க்குப் பொருளே கிடைத்தது. டா 183-க்கோ படம் மட்டுமே மிஞ்சியது. அதன் கருத்தைத் தழுவிக் குர்ட் டாங்க் என்பார் அர்ஜென்டினாவில் அமைத்த புல்கி 2, 1950-இல் பறந்தது. அதன் சோதனைகளில் இரு விமானிகள் உயிர் துறந்தனர். அத்தகைய அபாயத்தை எந்த வரைபடமும் முன்கூட்டிக் காட்டியிருக்க இயலாது. அதே டாங்க் 1956-இல் பெங்களூர் வந்து, 1961 ஜூன் 17-இல் முதன்முதலாகப் பறந்த நமது மாருத் விமானத்தை வடிவமைத்தார் என்பது அன்பர்கள் அறிந்ததே.

இப்படங்களை வகுப்பிற் காட்டும் ஆசிரியர்கள், அது மூலமா, மீட்டு வரைந்ததா என்பதை முதலிற் கூறுதல் வேண்டும். மங்கிய மூலப்படத்தை ஒதுக்கிவிட்டுப் புதுப் பிரதியை மட்டும் போற்றும் வழக்கம் நம் அலுவலகங்களிலும் இல்லாமலில்லை. பிரதியெடுக்கும் களப் பணியாளர், மூலைக் கட்டத்தையும் ஓரக் குறிப்புகளையும் பிழைகளுடன் அப்படியே பெயர்த்தெழுதி, மூலம் இருக்குமிடத்தையும் அதன்மேற் குறித்து வைப்பாராக.