கவுன்சலிங் காய்ச்சல்... மருந்து பிள்ளைக்கா, வீட்டுக்கா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், வைத்தியசாலை பெஞ்சில் அம்மாக்களும் பிள்ளைகளுமாக வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். "ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டே இருக்கான் சார்", "சாப்பிட்ட கை காயறதுக்குள்ள பாத்ரூமுக்கு ஓடுறா சார்", "நெஞ்சு படபடங்குதாம், தலை வின்னு வின்னுன்னு தெறிக்குதாம்..." நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, நிதானமாக விசாரித்தால் முக்கால்வாசிப் பேருக்குக் காரணம் ஒன்றுதான். கவுன்சலிங்குக்காகக் காத்திருக்கிறார்கள்!

கடைசியில் பெற்றோர் கேட்பதும் ஒன்றுதான். "மனசு அடங்குறதுக்கு ஏதாவது லேகியம் கொடுங்களேன்." நான் பெரும்பாலும் கொடுப்பதில்லை. காத்திருப்பது நோயே அல்ல. காத்திருக்கிற பிள்ளையை வீடு நடத்துகிற விதம்தான் அதை நோயாக்குகிறது. இதைச் சொன்னால் சில அப்பாக்களுக்கு முகம் சிவந்துவிடுகிறது. சிவக்கட்டும், பரவாயில்லை.

பரீட்சை பயம் வேறு, இது வேறு. பரீட்சைக்கு முன்னால் பிள்ளையின் கையில் ஒரு வேலை இருக்கிறது. பயந்தால் இன்னும் நாலு பக்கம் படிக்கலாம். இப்போது செய்ய என்ன இருக்கிறது? இன்ஜினீயரிங் என்றால் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் கணக்குப் போட்டாயிற்று. அதிலும் சமமாக வருபவர்களை ஒவ்வொரு விதியாக வைத்துப் பிரித்து, கடைசியில் ரேண்டம் எண் வரைக்கும் போகிறார்கள். நமக்கு முன்னால் நிற்பவர்கள் எந்தக் கல்லூரியை எடுப்பார்களோ, அதைப் பொறுத்துத்தான் நமக்கு மிச்சம். பிள்ளையின் சாமர்த்தியத்துக்கு அங்கே வேலையே இல்லை. அப்படியிருக்க, "இன்னும் ரெண்டு மார்க் வாங்கியிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்டு என்ன பயன் சொல்லுங்கள்?

1997-ல் ஒற்றைச் சாளர முறை வந்தபோது தபாலில் அழைப்புக் கடிதம் வரும். அதில் தேதி, நேரம் எல்லாம் போட்டிருக்கும். குடும்பத்தோடு சென்னைக்கு ரயிலேறி, அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால், ஊருக்குத் திரும்பும்போது முடிவு கையில் இருக்கும். 2018 முதல் எல்லாம் ஆன்லைன். அலைச்சல் மிச்சம், செலவு மிச்சம். நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் காத்திருப்பு செல்போனுக்குள் குடி வந்துவிட்டது. நடுராத்திரி இரண்டு மணிக்கும் திறந்து பார்க்கலாமே! போதாக்குறைக்கு, கிடைத்த இடத்தை வைத்துக்கொண்டே மேலான இடத்துக்குக் காத்திருக்கும் வசதியும் இருக்கிறது. வசதிதான்... ஆனால் சீட் கிடைத்த பிள்ளைகூட ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே என்று தவிக்கிறது.

மருத்துவப் படிப்பின் கதை இன்னும் நீளம். அரசுக் கல்லூரி இடங்களில் அகில இந்திய ஒதுக்கீடு 15 சதவிகிதம், மாநிலத்துக்கு 85 சதவிகிதம். இரண்டுக்கும் தனித்தனிச் சுற்றுகள். 2020-ல் கொரோனா காரணமாக நீட் தேர்வே செப்டம்பர் 13-ம் தேதிதான் நடந்தது. 2024-ல் ஜூன் 4-ம் தேதி ரிசல்ட் வந்து, சர்ச்சை கிளம்பி, மறுதேர்வு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது ஜூலை 23-ல். ஏழு வாரம்! புத்தகத்தை மறுபடி திறப்பதா, பெட்டியைக் கட்டுவதா என்று தெரியாமல் பிள்ளைகள் திண்டாடினார்கள். நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. தாமதம் ஆகட்டும், ஆனால் ஒரு தேதியைச் சொல்லுங்கள், சொன்ன தேதியைக் காப்பாற்றுங்கள். தேதி தெரிந்தால் மனசு தாங்கிக்கொள்ளும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்று சித்த மருத்துவம் சொல்கிறது. தும்மல், கொட்டாவி, பெருமூச்சு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இந்தக் காலத்தில் நம் பிள்ளைகள் அடக்குவது அதில் மூன்று: பசி, தூக்கம், கண்ணீர்.

பசி: "ரிசல்ட் வரட்டும், அப்புறம் சாப்பிடுறேன்" என்றால் விடாதீர்கள். வேளை தவறினால் வாதம் கிளம்பி, வயிறு உப்பி இரைகிறது. அதிகமாக வேண்டாம், இட்லி, ரசம் சாதம், மோர், வெந்நீரில் சீரகம்... இவை போதும். சாப்பிடும் இடத்தில் கவுன்சலிங் பேச்சு கூடவே கூடாது.

தூக்கம்: விழிப்பு பித்தத்தை ஏற்றும். பத்து மணிக்கு மேல் செல்போன் ஹாலில் இருக்கட்டும், அப்பாவுடையதும் சேர்த்துத்தான்! மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். தூக்கம் வரட்டும் என்று ஜாதிக்காயை இஷ்டத்துக்கு அரைத்துப் பாலில் கலந்து கொடுக்கிறார்கள் சிலர். அளவு மீறினால் தலைசுற்றல், வாந்தி, குழப்பம் எல்லாம் வரும். கைமருந்து என்பதால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை.

கண்ணீர்: "ஆம்பளப் பையன் அழலாமா?" என்று கேட்காத வீடு குறைவு. அழட்டும் ஐயா! பக்கத்தில் உட்காருங்கள், போதும். புத்திமதி அப்புறம்.

இன்னும் இரண்டு விஷயம். வெப்சைட் பார்க்கும் வேலையை வீட்டில் ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. கடைசித் தேதிகளைக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். அடுத்து, "எந்தக் காலேஜ்? எந்தக் குரூப்?" என்று விசாரிக்கும் சித்தப்பா, பெரியம்மாக்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். பிள்ளையை முன்னால் நிறுத்தாதீர்கள். "இந்த இடம் இல்லேன்னா அந்த இடம், அதுவும் இல்லேன்னா இந்தப் படிப்பு" என்று இரண்டாவது வழியை இப்போதே சேர்ந்து உட்கார்ந்து பேசி முடியுங்கள். அதைத் தோல்வி மாதிரிப் பேசாதீர்கள்.

ஒன்றை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, யாரோடும் பேச்சில்லை, அறைக் கதவு சாத்தியே கிடக்கிறது என்றால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று ஒரே ஒரு தடவை வாய் தவறிச் சொன்னாலும் அன்றே போங்கள். தனியாக விடாதீர்கள். "அப்படி நினைக்கிறியாப்பா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் கெடுதல் வராது. 104 எண்ணிலும், டெலி மானஸ் 14416 எண்ணிலும் தமிழிலேயே பேசலாம். லேகியத்தை நம்பி நாளைக் கடத்தும் விஷயமல்ல இது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

எந்த இடம் கிடைத்தாலும் அங்கே போய் நாலு வருஷமோ, ஐந்தரை வருஷமோ உட்கார்ந்து படிக்கப்போவது இந்த உடம்பும் இந்த மனசும்தான். சீட் ஒதுக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். இன்று ராத்திரி பிள்ளை சாப்பிட்டானா, தூங்கினானா என்பதை நீங்கள் பாருங்கள்.