கிண்டியிற் பயின்ற மூன்று பெண்கள்

உயர்தர வகுப்பிற் கணிதப் பிரிவைத் தேர்ந்து கற்கும் பெண்பிள்ளைகளின் பெற்றோர் ஆசிரியரிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு. "பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வரும், சேர், ஆனால் எஞ்சினியராகிவிட்டாற் பாலங் கட்டுமிடத்திலும் மின்னிலையத்திலும் ஆண்களோடு நின்று வேலைசெய்ய வேண்டிவருமே?" என்பதே அது. இவ்வாறு கேட்போர் பெண்கல்வியை வெறுப்பவரல்லர். தம் மகளை மருத்துவத்துக்கு அனுப்பச் சற்றும் தயங்காதவர்கள். நோயாளியின் கட்டிலருகே இரவெல்லாம் நிற்கலாம், சீமெந்துக் கலவையருகே பட்டப்பகலில் நிற்கலாகாது என்பது என்ன நியாயமோ, எனக்கு விளங்கவில்லை.

இவ்வினாவுக்கு விடையை இனிமேற்றான் தேடவேண்டுமென்பதில்லை. நம் நாட்டிலே பிரேமளா சிவசேகரம் 1960ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திற் புகுந்த முதற் பெண்ணாகி, 1964இற் பட்டமும் பெற்றார். அதற்கும் இருபது ஆண்டுகள் முன்னராகவே, பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பெண்கள் மூவர் பட்டம் பெற்றுவிட்டனர். அம்மூவரும் பின்னர் யாது செய்தனர் என்பதை இவ்வாரம் நோக்குவோம்.

கிண்டிக் கல்லூரி 1794இல் நில அளவை கற்பிக்கும் சிறு பள்ளியாகத் தொடங்கியது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக ஆடவரையன்றி வேறெவரையும் அது கண்டதில்லை. அங்கே மின்னியற் பேராசிரியராக இருந்தவர் பப்பு சுப்பாராவ் என்னும் தெலுங்கர். அவருடைய மகள் லலிதா 1919இற் பிறந்தவர். பதினைந்து வயதில் மணமுடித்துக் கொடுக்கப்பட்டவர். 1937இற் கணவர் இறந்தபோது லலிதாவுக்கு வயது பதினெட்டு. கையிலே நான்கு மாதக் கைக்குழந்தை. அக்காலத்து வைதிகக் குடும்பங்களில் இளங் கைம்பெண்ணுக்கு எத்தகைய வாழ்வு விதிக்கப்பட்டிருந்தது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்த வாழ்வை அவர் ஏற்கவில்லை. தந்தையாரும் ஏற்குமாறு வற்புறுத்தவில்லை. இராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியற் தேர்வை முதல் வகுப்பில் தேறிய லலிதாவின் முன் மருத்துவம், பொறியியல் என இரு வழிகள் இருந்தன. மருத்துவர் நள்ளிரவிலும் அழைப்பு வந்தால் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். குழந்தையை வைத்துக்கொண்டு அது இயலாது. பொறியியலாயின் காலையிற் சென்று மாலையில் வீடு திரும்பலாம் என்று அவர் கணக்கிட்டார். நம் பெற்றோர் மருத்துவத்துக்குச் சார்பாகச் சொல்லும் நியாயம் அங்கே பொறியியலுக்குச் சார்பாய் நின்றது!

தந்தையார் கல்லூரி அதிபர் சாக்கோவிடம் பேசினார். கல்விப் பணிப்பாளரின் இசைவும் கிடைத்தது. 1940இல் லலிதா மின்னியல் வகுப்பிற் சேர்ந்தார். நூற்றுக்கணக்கான மாணவரிடையே ஒரே பெண். விடுதியில் தங்கினார், குழந்தை உறவினர் வீட்டில் வளர, வார இறுதிகளிற் சென்று பார்த்துவந்தார். மகள் தனித்திருப்பதைக் கண்ட சுப்பாராவ், கல்லூரி பெண்களையும் சேர்க்கும் என்று விளம்பரஞ் செய்வித்தார். மறு ஆண்டே கேரள நாட்டிலிருந்து பி. கே. திரேசியா, லீலாம்மா ஜோர்ஜ் ஆகிய இருவர் குடிசார் பொறியியல் கற்க வந்தனர். போர்க்காலமாதலாற் பாடத்திட்டம் சில மாதங்கள் குறுக்கப்பட, ஓராண்டு முன்பின்னாகச் சேர்ந்த மூவரும் ஏறத்தாழ ஒரே காலத்திற் பட்டம் பெற்றனர். பட்டச் சான்றிதழின் அச்சு வாசகத்தில் ஆண்பாற் சொல்லே இருந்தது. லலிதாவின் சான்றிதழில் அதனை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

பட்டம் பெற்றபின் செய்த பணியே பெரிது. லலிதா ஜமால்பூர் இரயில்வே வேலைத்தலத்திற் பயிற்சி பெற்றார். சிம்லாவில் அரசாங்க நிறுவனமொன்றிற் சிலகாலம் பணியாற்றினார். தந்தையாரின் ஆராய்ச்சிக்கும் துணைநின்றார். 1948இற் கல்கத்தாவில் அசோசியேற்றட் இலெக்றிக்கல் இன்டஸ்றீஸ் என்னும் பிரித்தானிய நிறுவனத்திற் சேர்ந்தார். அந்நகரிலே தமையனார் ஒருவர் வாழ்ந்தமையும் இவ்வேலையை ஏற்றதற்கு ஒரு காரணம். அவருடைய வேலை பெரும்பாலும் வரைபட மேசையோடு இருந்தது: மின்சாரத்தைத் தொலைதூரங் கொண்டுசெல்லும் கம்பித் தொடர்களை வகுத்தல், துணைமின்னிலையங்களின் அமைப்பைத் தீட்டுதல். சட்லெஜ் நதியின் குறுக்கே எழுந்த பக்ரா அணை 226 மீற்றர் உயரமுடையது. 1963இல் நேரு அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். பக்ரா நங்கல் திட்டத்தின் மின்பிறப்பாக்கிகள் சார்ந்த வேலையில் லலிதாவுக்கும் பங்குண்டு. அணையைக் கட்டியவர் யாரெனக் கேட்டால் ஊரார் தலைவர்களின் பெயரையே சொல்வர். வரைபடத்தை வரைந்தவரை எவரும் நினைப்பதில்லை. 1964இல் நியூயோர்க்கிற் கூடிய பெண் பொறியியலாளர், விஞ்ஞானிகளின் முதலாவது சர்வதேச மகாநாட்டுக்கு அவர் அழைக்கப்பட்டுச் சென்றதும் குறிப்பிடத்தக்கது.

திரேசியாவின் வழி வேறு. பெற்றோர் அஞ்சும் அந்த வேலைத்தளத்திலேயே அவர் வாழ்நாளைக் கழித்தார். கொச்சி சமஸ்தானத்தின் பொதுவேலைப் பகுதியிற் சிறு உத்தியோகத்தராகச் சேர்ந்து, முளங்குன்னத்துக்காவிற் காசநோய் மருத்துவமனை கட்டும் பணியை மேற்பார்வை செய்தார். பின்னர் எறணாகுளம், கோழிக்கோடு எனப் படிப்படியாக உயர்ந்து, 1971இற் கேரள மாநிலப் பொதுவேலைப் பகுதியின் தலைமைப் பொறியியலாளரானார். இந்தியாவில் அப்பதவியை எய்திய முதற் பெண் அவரே. தெருவுக்கு இடும் தாரிலே இறப்பரைக் கலந்து பரீட்சித்துப் பார்த்தவரும் அவர். இறப்பர் விளையும் நாட்டுக்கு ஏற்ற யோசனை. நம் களுத்துறை, கேகாலைப் பகுதியாருக்கும் இது சுவையாயிருக்கும். லீலாம்மா திருவிதாங்கூர் அரசாங்க சேவையிற் சேர்ந்து, நகர அமைப்புக்கலை பயில இங்கிலாந்து சென்றார். அவரைப்பற்றி எழுதப்பட்டவை குறைவு.

மூவருள் யார் பெரியவர் என்று என் மாணவர் கேட்பதுண்டு. தலைமைப் பதவி பெற்றவரையே பெரியவரென்று சொல்வது நம்மவர் வழக்கம். குழந்தையின் பொருட்டு வரைபட மேசையைத் தேர்ந்து, அதிலேயே முப்பதாண்டு நிலைத்து நின்றவரை அவருக்குக் கீழே வைக்க என் மனம் ஒப்பவில்லை. லலிதா 1977இல் ஓய்வுபெற்று 1979இற் காலமானார். திரேசியா 1979இல் ஓய்வுபெற்று 1981இற் காலமானார். ஓய்வை அனுபவிக்க இருவருக்கும் கிடைத்தவை இரண்டே ஆண்டுகள்.