வீடு உங்களுடையது, அக்கவுண்ட் யாருடையது?

கொடைக்கானல் பக்கம் வீடு வாங்கி நாள் வாடகைக்கு விடுபவர்கள் பலர், ஏர்பிஎன்பி தளத்தில் பதியும் வேலையை மேனேஜரிடமே விட்டுவிடுகின்றனர். அவரும் தன் இமெயில், தன் மொபைல் எண் கொடுத்துப் பதிந்துவிடுகிறார். இது சரியான ஏற்பாடே அல்ல என்பேன்.

அவர் விலகும்போதுதான் சிக்கல் தெரியும். பத்திரம் உங்கள் பெயரில் இருக்கலாம். ஆனால் விருந்தினர்கள் எழுதிய மதிப்புரைகள் அவர் அக்கவுண்ட்டிலேயே தங்கிவிடும். ஏர்பிஎன்பி அவற்றை வேறு அக்கவுண்ட்டிற்கு மாற்றித் தருவதில்லை. ஆண்டுக்கணக்கில் சேர்த்த நல்ல பெயர் போய்விடும்.

எனவே உங்கள் இமெயிலில் நீங்களே அக்கவுண்ட் திறந்திடுங்கள். பணம் வரும் வங்கிக் கணக்கும் உங்களுடையதாக இருக்கட்டும். பின்னர் மேனேஜரைக் 'கோ ஹோஸ்ட்' ஆகச் சேர்த்திடலாம். காலண்டரை மட்டும் பார்ப்பது, மெசேஜ்களுக்கும் பதில் தருவது, முழு அனுமதி என மூன்று நிலைகள் உண்டு. விலகினால் நீக்கிவிடலாம். பாஸ்வேர்டைத் தரவே வேண்டாம் (வாட்ஸ்அப்பில் அனுப்புபவர்களும் இருக்கிறார்கள்!). வீட்டின் போட்டோ பைல்களையும் கேட்டு வாங்கி உங்கள் கம்ப்யூட்டரில் வைத்திடுங்கள்.

"என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று அவர் கேட்கக்கூடும். கேட்கட்டும். கடை மேனேஜர் பெயரில் யாரும் கடையைப் பதிவதில்லையே!

ஏற்கனவே அவர் அக்கவுண்ட்டில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே புதிதாகப் பதிந்திடுங்கள். பழையதில் புக் ஆன நாட்களைப் புதிய காலண்டரில் மறக்காமல் பிளாக் செய்திடவும்.